வேர்க்காரர் எழுதிய ஆக்சிஜன்

ஒரு சொல்லைக் கரையேற்ற மூன்று பேர் வேண்டும் என்பது அந்த அகராதி அலுவலகத்தின் கொள்கை. பொருள் எழுத ஒருவர். எந்த மொழியில் பிறந்து எப்படி வந்து சேர்ந்தது என்று வேர் எழுத ஒருவர். எங்கெங்கே எப்படியெல்லாம் புழங்குகிறது என்று வழக்குச் சேர்க்க ஒருவர். மூவரும் ஒரே அட்டையில்தான் எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்க வேண்டும் என்று மட்டும் விதியில் எங்கும் இல்லை. விதியில் இல்லாததைச் செய்து பழக்கமும் அங்கே யாருக்கும் இல்லை.

நம் ஆள் வேர்ப் பிரிவு. அதனால் வேர்க்காரர். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மாடியில் பின்பக்க அறை, சன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம், சுவரை மறைத்து நிற்கும் இரும்பு அலமாரிகள், அவற்றின் இழுப்பறைகளில் அகர வரிசையில் அட்டைகள். முப்பத்தோரு வருடம் அந்த அறையில் உட்கார்ந்து, எந்தச் சொல்லுக்கு யார் அப்பன், யார் பாட்டன் என்று எழுதிக்கொண்டிருந்தார். கல்யாணத் தரகர் வேலைதான், என்ன, இங்கே யாரும் வந்து சண்டை போடுவதில்லை.

அந்த வேலை அவருக்கு ஒரு குணத்தைக் கொடுத்திருந்தது. எதையும் முடிவாகச் சொல்ல மாட்டார். இப்படிச் சொல்வாரும் உளர், அப்படிச் சொல்வாரும் உளர் என்று எழுதி எழுதி, வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டார். சன்னலுக்கு நீலத் திரை போடுவதா பச்சைத் திரை போடுவதா என்று மனைவி கேட்டால், "ரெண்டும் வழக்கில் உண்டு" என்பார்.

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு மதில் மேல நிக்கிற பூனையைக் கட்டிக்கிட்டிருக்கலாம். அதாவது என்னைக்காவது ஒரு பக்கம் குதிக்கும்" என்று மனைவி சொல்வார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. தெருவில், கடையில், பக்கத்து வீட்டில் எல்லோருக்கும் 'டீச்சர்'. கணவருக்கு நேர் எதிர். சரி என்றால் சரி, தப்பு என்றால் சிவப்பு மை. இருபத்திரண்டு வருடமாக மேல் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். பரிசோதனைக் கூடத்தின் சாவி அவர் கைப்பையில்தான் இருக்கும். கணவர் வேலை செய்யும் அகராதியின் ஒரு பிரதி அந்த வீட்டில் இருந்தது. தையல் இயந்திரத்தின் ஆடும் காலுக்கு அடியில் இருந்தது. அச்சிட்ட பிரதிகளிலேயே உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

இனி அந்தச் சொல்லின் கதை.

இருபது வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. 'ஆ' எழுத்துப் பக்கங்களுக்காக அச்சகத்து ஆள் வாசலில் வந்து நின்றுகொண்டு, அரை மணிக்கு ஒருதரம் மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வேர்க்காரரின் மேசையில் பத்து அட்டைகள் பாக்கி. அதில் ஒன்று 'ஆக்சிஜன்'. பொருள் எழுதியாகிவிட்டது: 'நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் உள்ளதும், எரிவதற்குத் துணை செய்வதுமான நிறமற்ற வாயு, உயிர்வளி.' வேர் என்ற கட்டம் மட்டும் காலி. கிரேக்கச் சொல் என்பது வேர்க்காரருக்குத் தெரியும். என்ன பொருள் என்று பார்க்க வேண்டிய கனத்த புத்தகம் முதுகு கிழிந்து பைண்டரிடம் போயிருந்தது.

புத்தகம் இல்லாவிட்டால் என்ன, மூளை இருக்கிறதே என்று அவர் நினைத்ததுதான் வினை. தமிழில் உயிர்வளி என்கிறோம். இதை ஆக்கியவர் சும்மாவா ஆக்கியிருப்பார்? கிரேக்கத்தைப் பார்த்துத்தான் ஆக்கியிருப்பார். ஆகவே கிரேக்கத்திலும் உயிர் என்றுதான் இருக்கும். பிள்ளையின் முகத்தைப் பார்த்து அப்பனின் முகத்தை வரைகிற வேலை. 'ஆக்சிஸ் என்றால் உயிர், ஜென் என்றால் தருவது. உயிர் தருவது என்று பொருள்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். கீழே ஆதாரம் என்ற இடத்தில், 'உயிர்வளி என்னும் தமிழ்ச் சொல்லே சான்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தவறைச் செய்ய ஒரு சாதாரண மனிதனால் முடியாது. அதற்குப் பதினோரு வருட அனுபவம் வேண்டும், அவருக்கு அப்போது அது இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தலைமைப் பதிப்பாசிரியர், எந்த அட்டையையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர், அன்றைக்குப் பார்த்து இதைப் படித்துத் தொலைத்தார். "ஆகா! உயிர் தருவது! என்ன கவித்துவம்! சொல்லுன்னா இப்படி இருக்கணும்யா" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அதுவரை ஒரு பாராட்டும் வாங்கியிராத வேர்க்காரருக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. அன்று மனைவிக்கு ஒரு முழம் பூவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்துப் புத்தகம் பைண்டரிடமிருந்து புது முதுகோடு வந்தது. வேர்க்காரர் திறந்து பார்த்தார். புளிப்பு என்று இருந்தது. கூர்மை, புளிப்பு, அமிலம். ஆக்சிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாலும் அதே புளிப்புதான். கூடவே ஒரு கதையும் இருந்தது. அந்தப் பெயரை வைத்த வேதியியல் அறிஞர், எல்லா அமிலத்திலும் இந்த வாயு இருக்கிறது என்று நம்பி அப்படி வைத்தாராம். பிறகு பார்த்தால், இந்த வாயுவே இல்லாத அமிலங்களும் இருந்தனவாம். அதற்குள் பெயர் ஊர் ஊராகப் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராலும் பிய்க்க முடியவில்லை.

இதைப் படித்ததும் வேர்க்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெயர் வைத்தவரே தப்பாகத்தானே வைத்தார்! அந்தத் தப்பின் மேல் நம் தப்பு ஒரு தூசி. ஆனைக்கே அடி சறுக்கும்போது பூனைக்கு என்ன? ஆனாலும் மனசாட்சி என்று ஒன்று, பாவம், அவருக்கும் இருந்தது. அட்டையை எடுத்து, ஓரத்தில், பென்சிலால், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், 'தவறு. கிரேக்கத்தில் அமிலம் என்றே பொருள். பார்த்தாயிற்று' என்று எழுதித் தேதி போட்டார். அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்று நினைத்து அட்டையை இழுப்பறைக்குள் தள்ளினார்.

அடுத்த பதிப்பும் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. திருத்தம் வேண்டுமென்றால், எழுதியவரே பிழையை ஒப்புக்கொண்டு தலைமைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு கடிதம் இதுவரை யாரும் கொடுத்ததில்லை. முதல் கடிதம் கொடுத்த புண்ணியவான் என்ற பெயர் தனக்கு எதற்கு என்று இருந்துவிட்டார்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? உயிர் தருவது பாடப்புத்தகத்தில் ஏறியது. அங்கிருந்து மேடைக்கு ஏறியது. மரம் நடுகிறவர்கள், மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறவர்கள், மின்விசிறி விற்கிறவர்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வழக்குப் பிரிவில் இருந்த கத்தரி அக்கா, நாள் முழுக்கச் செய்தித்தாளும் கத்தரிக்கோலுமாக இருக்கிறவர், அந்தச் சொல் வரும் இடத்தையெல்லாம் வெட்டி வெட்டி ஒரு உறையில் போட்டுக்கொண்டே வந்தார். உறை வருடா வருடம் பருத்தது. வேர்க்காரர் அந்த உறையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு மாலையில், டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கைப்பையைக் கட்டிலில் எறிந்தார். எறிகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"எனக்கு மெமோ குடுத்திருக்காங்க."

"எதுக்கு?"

"பரீட்சைல ஒரு கேள்வி கேட்டேன். ஆக்சிஜன்ங்கற பெயரோட அர்த்தம் என்ன, அந்தப் பெயர் ஏன் பொருத்தமில்லைன்னு. ஒரு பொண்ணு, உயிர் தருவதுன்னு அர்த்தம், பெயர் ரொம்பப் பொருத்தம்னு எழுதிட்டா. சைபர் போட்டேன். அவ அப்பா சண்டைக்கு வந்துட்டார்."

அந்த அப்பா ஏ.சி. இயந்திரங்கள் விற்கும் கடைக்காரர். பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவரும் அவரே. அவருடைய கடைப் பலகையிலேயே 'ஆக்சிஜன் என்றால் உயிர் தருவது' என்று ஆள் உயர எழுத்தில் இருந்தது. மகள் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாள். சரியான விடையைத் தவறென்று குறித்து மாணவிக்கு மன உளைச்சல் ஏற்படுத்தினார் என்று புகார். பன்னிரண்டாம் நாள் விசாரணை. டீச்சர் பக்கம் தப்பு என்றால், காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் நின்று மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டும்; மேல் வகுப்பை விட்டுவிட்டு, அ ஆ எழுதுகிற வகுப்புக்குப் போக வேண்டும்; பரிசோதனைக் கூடத்துச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

"அவர் கையில ஆதாரம் என்ன தெரியுமா? உங்க ஆபீஸ் அகராதி! பக்கத்தை நகலெடுத்து ஒட்டியிருக்கார். நான் நம்பவே இல்ல. தையல் மெஷினுக்கு அடியில இருந்து எடுத்துப் பாத்தேன், அப்படியே இருக்கு. எந்தக் கழுதைங்க எழுதினது அதை?"

அகராதியில் பதிவுகளுக்குக் கீழே யார் பெயரும் போடுவதில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்த முன்னோரை வேர்க்காரர் மனதுக்குள் கும்பிட்டார்.

"விசாரிக்கிறேன்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். வேர்க்காரர் அடுத்த பன்னிரண்டு நாளும் அதைத்தான் செய்தார். டீச்சர் தினமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதினார், அடித்தார், எழுதினார். கல்லூரிக் காலப் புத்தகங்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். எதிர் நாற்காலியில் வேர்க்காரர் உட்கார்ந்து, அவர் கேட்டபோது மேற்கோளை வாசித்துக் காட்டினார். தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டார். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உலகத்திலேயே இவ்வளவு அனுசரணையான கணவர் இருக்க முடியாது. பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, தன் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிக் காட்டியதாகவும் கேள்வி.

நடுவில் ஒரு முயற்சியும் செய்து பார்க்காமல் இல்லை. ஐந்தாம் நாள் கத்தரி அக்காவிடம் போய், யாருக்கோ வந்த கஷ்டம் மாதிரி பேச்செடுத்தார்.

"அக்கா, இந்த ஆக்சிஜனுக்கு வேர் கொஞ்சம் தப்போன்னு ஒரு சந்தேகம். அமிலம்னு அர்த்தமாம்."

"அமிலமா? யார் சொன்னா?"

"கிரேக்க அகராதி சொல்லுது."

"கிரேக்கத்துல ஆயிரம் சொல்லுவான். இங்க வழக்குல என்ன இருக்குன்னு பாருங்க" என்று அக்கா அந்த உறையை எடுத்து மேசையில் கவிழ்த்தார். கத்தரித்த துண்டுகள் மலைபோலக் கொட்டின. "பாருங்க, இருநூத்திப் பதினேழு. பாடப்புத்தகம் இருக்கு, டாக்டர் எழுதின கட்டுரை இருக்கு, மந்திரி பேச்சு இருக்கு. சந்தேகம் வந்தா அஞ்சு அச்சு ஆதாரம் போதும்னு நம்ம விதி. நீங்க இருநூத்திப் பதினேழு பேரையும் பொய்யங்கறீங்களா?"

இருநூற்றுப் பதினேழு பேரும் தன் அட்டையைப் பார்த்து எழுதியவர்கள்தான் என்று எப்படிச் சொல்வது? தான் பெற்ற பிள்ளைகளே வரிசையாக நின்று தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதை வேர்க்காரர் பார்த்தார். துண்டுகளை உறைக்குள் திரும்ப அள்ளிப் போட அக்காவுக்கு உதவி செய்துவிட்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் தலைமை அவரைக் கூப்பிட்டனுப்பினார். தலைமை அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் நாற்காலி அடுத்து வேர்க்காரருக்குத்தான் என்று மாடியில் பேச்சு. அதற்காக வேர்க்காரர் ஒரு புதுச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்திருந்தார்.

"ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து கடிதம் வந்திருக்கு. யாரோ ஒரு வேதியியல் டீச்சராம், நம்ம அகராதியவே தப்புங்குதாம் அந்தம்மா. நிபுணர் ஒருத்தரை அனுப்பச் சொல்றாங்க. வேர் சம்பந்தப்பட்டது, நீங்கதான் போகணும். அகராதியோட மானத்தைக் காப்பாத்திட்டு வாங்க. வந்ததும் இந்த நாற்காலி விஷயத்தைப் பேசி முடிச்சுடுவோம்."

அந்த அம்மா என் மனைவி என்று சொல்ல அப்போது வாய் திறந்திருந்தால் கதை வேறு. வேர்க்காரர், "சரிங்க சார்" என்றார். கொக்குக்கு ஒன்றே மதி. இவருடைய மதி சும்மா இருப்பது. அன்று மாலை வீட்டிலும், நிபுணராக வரப்போகிறவர் யார் என்பதைச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போய், 'ஆ' இழுப்பறையைத் திறந்து, அந்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அட்டை எதுவும் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அந்த அலுவலகத்தில் எல்லோரும் மனப்பாடமாக அறிந்த ஒரே விதி. காட்டுவதற்காக எடுத்தாரா, யார் கையிலும் சிக்காமல் ஒளிப்பதற்காக எடுத்தாரா என்று கேட்டால், இரண்டும் வழக்கில் உண்டு.

தலைமை ஆசிரியையின் அறையில் ஒரு நீள மேசை, சுவரில் பாட அட்டவணை, மூலையில் கோப்பைகள் நிறைந்த கண்ணாடி அலமாரி. ஒரு பக்கம் ஏ.சி. கடைக்காரர், மறு பக்கம் டீச்சர். வேர்க்காரர் உள்ளே நுழைந்ததும் டீச்சரின் முகம் மலர்ந்தது. தனக்குத் துணையாக வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"வாங்க சார், அகராதி அலுவலகத்து நிபுணர்" என்று தலைமை ஆசிரியை நாற்காலியைக் காட்டினார்.

டீச்சருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் செய்ய வேண்டியதைச் செய்தார். "மேடம், இவர் என் வீட்டுக்காரர். அதை நான் முன்னாடியே சொல்லிடணும்."

ஏ.சி. கடைக்காரர் துள்ளிக் குதித்தார். "இது என்ன நியாயம்? வீட்டுக்காரர் வீட்டுக்காரம்மாவை விட்டுக்குடுப்பாரா?" என்றார். பிறகு கையிலிருந்த நகலைப் பார்த்துக்கொண்டு சமாதானமானார். "சரி, யாரா இருந்தா என்ன. அச்சுல இருக்கறதை அவரால அழிக்க முடியுமா? அகராதி சொல்றது சரியா தப்பா, அதை மட்டும் சொல்லட்டும்."

எல்லோரும் வேர்க்காரரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார். நாற்காலி, புதுச் சட்டை, இருநூற்றுப் பதினேழு துண்டுகள், எதிரே மனைவி. முப்பத்தோரு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"அமிலத்தைப் பிறப்பிப்பதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. உயிர் தருவதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டும் வழக்கில் உண்டு."

"அப்ப என் பொண்ணு எழுதினதும் சரிதானே!" என்று கடைக்காரர் மேசையைத் தட்டினார்.

தலைமை ஆசிரியைக்கும் அது வசதியாக இருந்தது. மன்னிப்புக் கடிதம் ஏற்கெனவே தட்டச்சாகித் தயாராக இருந்தது. விசாரணை என்றால் தீர்ப்பை முதலில் அடித்து வைத்துக்கொள்வதுதானே முறை. அதை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தார். "பெரிசா எடுத்துக்காதீங்க டீச்சர். ஒரு கையெழுத்து. நாளைக்குக் கூட்டத்துல ரெண்டு நிமிஷம்."

டீச்சர் கணவரை ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் வேர்க்காரர் தாங்கியிருப்பார். நம்பாமல் பார்த்தார். தெருவில் யாரோ இடித்துவிட்டுப் போனால் திரும்பிப் பார்ப்போமே, அப்படி. பிறகு கைப்பையைத் திறந்து பரிசோதனைக் கூடத்துச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தப்பென்று தெரிந்த ஒன்றில் அவர் கையெழுத்துப் போட்டு இருபத்தைந்து வருடத்தில் வேர்க்காரர் பார்த்ததில்லை.  வேர்க்காரருக்கு வந்தது வெட்கம், வெறும் வெட்கம்.

"அகராதி தப்பு" என்றார்.

"என்ன சார்?"

"அகராதியில இருக்கறது தப்பு. டீச்சர் சொல்றதுதான் சரி. அதை எழுதினது நான்தான். பாக்காம, யோசிச்சு எழுதினேன்."

ஏ.சி. கடைக்காரர் கைகொட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா! நான் சொன்னேன்ல, விட்டுக்குடுக்க மாட்டார்னு. சார், நல்ல மனுஷன் சார் நீங்க. வீட்டுக்குப் போகணும்ல, புரியுது."

தலைமை ஆசிரியையும் பரிதாபமாகத் தலையாட்டினார். "உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது சார்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை அறுதியிட்டுச் சொன்னார். அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டார்கள். வேர்க்காரர் சட்டைப் பையில் கைவிட்டு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, 'உயிர் தருவது என்று பொருள்' என்று எழுதிக் காட்டினார். அதே கையெழுத்து. தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆதாரம் என்ற இடத்தில் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். பிறகு ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தையும், தேதியோடு, வாசித்தார்.  கடைக்காரர், "பலகை எழுத எவ்வளவு செலவு தெரியுமா" என்று முனகினார். டீச்சர் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கணவரைப் பார்க்கவில்லை.

சைபர் சைபராகவே இருந்தது. டீச்சர் மேல் வகுப்பிலேயே இருந்தார். உண்மை வென்றது என்று இந்த இடத்தில் எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் உண்மை வென்ற செய்தி அகராதி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே எல்லோரையும் பதற வைத்தது வேறு: அட்டை கட்டடத்தை விட்டு வெளியே போயிருக்கிறது! தலைமை அன்று பிற்பகலே குற்றக் குறிப்பாணை அடிக்கச் சொன்னார். வேர்க்காரர் அனுமதியின்றி அட்டையை வெளியே கொண்டுசென்றார் என்று அதில் இருந்தது. இருபது வருடமாக ஊரையே ஏமாற்றியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டை சாட்சிப் பொருளாகிவிட்டபடியால் உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். முத்திரை வைத்த அட்டையில் யாரும் கை வைக்க முடியாது, திருத்தவும் முடியாது. அந்த மாதம் வெளிவந்த புதுப் பதிப்பில் ஆக்சிஜன் பழையபடி உயிர் தந்துகொண்டிருந்தது. நாற்காலி கத்தரி அக்காவுக்குப் போயிற்று. அவர் முதல் காரியமாகக் கடைப்பலகை எழுத்தைப் படம்பிடித்து உறையில் சேர்த்து, இருநூற்றுப் பதினெட்டு ஆக்கினார்.

குறிப்பாணைக்கு ஏழு நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். வேர்க்காரர் ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். எதிரே டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். விசாரணை முடிந்த நாளிலிருந்து, "தண்ணி வேணுமா", "கதவைச் சாத்துங்க" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. எழுதி முடித்ததும் வேர்க்காரர் தாளை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார்.

டீச்சர் படித்தார். வெள்ளிக்கிழமை இருந்தது, பைண்டர் இருந்தார், பென்சில் குறிப்பு இருந்தது, அட்டையை எடுத்தது இருந்தது. ஒன்றையும் ஒளிக்கவில்லை. சிவப்புப் பேனாவால் ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். காலியாக இருந்தது.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? எல்லாத்தையும் எழுதிட்டேனே."

"தப்பா எழுதினதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. யாரும் தப்பு பண்ணலாம். இருபது வருஷம் மூடி வெச்சதுகூட உங்க ஆபீஸ் பாடு." டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். "பன்னெண்டு நாள். இதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு. நான் எழுத எழுத எனக்குப் பேப்பர் பிடிச்சுக் குடுத்தீங்க. அழுதப்ப தண்ணி கொண்டாந்து குடுத்தீங்க. அது எங்க இதுல?"

வேர்க்காரர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதை அவங்க கேக்கலையே."

"நான் கேக்கறேன்" என்று டீச்சர் ஒரு புதுத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "முதல் நாள்ல இருந்து எழுதுங்க."